இல்லத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்



1982-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாநிலத்தில், கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில் அமர்ந்து ஓர் இசைஞர் பாடினார். அவர் பெயர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அந்நாளிலேயே அவர் பெரும்புகழ் பெற்றவர். நாட்டின் மிகச் சிறந்த ஒலிப்பதிவுக் கூடங்கள் எல்லாம் அவருக்காகக் கதவு திறந்து காத்திருந்தன. ஆயினும் அன்று அவர்முன் இருந்த பொருள்கள் மிகச் சிலவே. ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 57 வகையைச் சேர்ந்த ஒலிவாங்கிகள் இரண்டு. சாதாரணக் காசெட் நாடாவில் நான்கு தடங்களாகப் பதியவல்ல சிறு கருவி ஒன்று. இவ்வளவுதான். தம் குழுவினருக்குப் பாட்டுக்களை அறிமுகம் செய்வதற்குரிய மாதிரியாகவே அவர் அவற்றைப் பதிந்து வைத்தார். பின்னர்க் குழுவினருடன் பெரிய கூடத்தில் அப்பாட்டுக்களை மீண்டும் பதிந்து பார்த்தபோது, படுக்கையறையில் அமைந்த உயிர்த்துடிப்பு அங்கே அமையவில்லை. முடிவில், அந்தக் காசெட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' என்னும் பெயரில் அவ்வாண்டு செப்டம்பரில் இசைத்தட்டாக வெளிவந்தது.

இதைக் கேட்டவுடன், "அப்படியாயின் எந்தக் கருவியாயினும் போதும் போலும்!" என்று நீங்கள் எண்ணக்கூடும். அது முழு உண்மை அன்று. அந்தக் காசெட்டை இசைத்தட்டுக்கு மாற்றுவதற்குள் பொறியாளர்கள் பட்ட இடர் கொஞ்சமன்று. சிறு கருவி போதும். ஆனால் அதன் எல்லையை அறிந்து வாங்கவும் வேண்டும், வைக்கவும் வேண்டும். அதனை அறியாமல் யான் ஒருமுறை இழந்ததை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

என் தந்தையாருக்கு ஓர் அத்தை இருந்தார். கும்பகோணத்துப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்தவர். நடவுப் பாட்டும் தாலாட்டுமாக அவர் நெஞ்சில் இருந்தவற்றுக்குக் கணக்கில்லை. அவற்றைப் பதிந்து வைக்க வேண்டும் என்னும் ஆவலால், ஈராண்டுகள் சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்து, மிக உயர்ந்தது என்று கடைக்காரர் புகழ்ந்த ஒலிவாங்கி ஒன்றை வாங்கினேன். அதனைத் தாங்கும் கம்பத்துக்கோ, பதியும்போதே கேட்டுப் பார்ப்பதற்குரிய செவிப்பொறிக்கோ கையில் பணம் மிச்சமில்லை. புதிதாகக் கட்டிய சிமெண்டுக் கூடத்தில் அத்தைப் பாட்டியாரை அமர்த்தி, ஒலிவாங்கியை மேசைமேல் நிறுத்தி, மூன்று மணி நேரம் பதிந்தேன். வெயிற்காலம், மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. நகரத்துக்குத் திரும்பி வந்து கேட்டால், மின்விசிறியின் இரைச்சலும், சுவர்களின் எதிரொலியும், மேசைமேல் எவரோ கை வைத்த போதெல்லாம் எழுந்த இடியோசையுமே முன்னே நின்றன. அம்மூதாட்டியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அடுத்த பொங்கலுக்குச் சென்று மீண்டும் பதியலாம் என்று எண்ணியிருந்தேன். அதற்குள் அவர் மறைந்துவிட்டார்.

இன்று எங்கள் குடும்பத்தில் தெளிவாக இருப்பது அவர் பாடிய தாலாட்டு ஒன்றே. அதனைப் பதிந்தவள் என் தங்கை. நெல் மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில் அவர் அருகே அமர்ந்து, தன் கைப்பேசியை அவர் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் பிடித்துப் பதிந்திருந்தாள். விலை உயர்ந்த கருவி தோற்ற இடத்தில் கைப்பேசி வென்றது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை கண்டால், சிறு தொகையில் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்கும் வழியும் விளங்கிவிடும்.

முதலாவது, அறை. அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு மண்டபம் ஒன்றில், பேசுவோரின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து விளங்காமற் போயின. 1895-ஆம் ஆண்டில், வாலஸ் சாபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் இக்குறையை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் எடுத்து வந்து மண்டபத்தில் பரப்பினார். ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கச் செய்து நிறுத்தி, அவ்வொலி முற்றும் அடங்குவதற்கு எத்தனை நொடி ஆகின்றது என்று அளந்தார். வெற்று மண்டபத்தில் 5 நொடிக்கு மேல் நின்ற ஒலி, மெத்தைகள் கூடக்கூட விரைந்து அடங்கியது. கட்டட ஒலியியல் என்னும் அறிவியல் துறை அம்மெத்தைகளிலிருந்தே வளர்ந்தது எனலாம்.

சாபின் கண்ட உண்மை நம் வீட்டுக்கும் பொருந்தும். சிமெண்டுச் சுவரும் கண்ணாடியும் பளிங்குத் தரையும் ஒலியைத் திருப்பி எறிகின்றன. பஞ்சும் கம்பளியும் அதனை உண்டுவிடுகின்றன. எங்கள் உள்ளறையில் இருந்த நெல் மூட்டைகள் செய்த தொண்டு அதுவே. ஆதலின், பணப்பையைத் திறப்பதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். சிறிய அறையாக, துணிமணிகள் நிறைந்த அறையாகத் தேர்ந்தெடுங்கள். பாடுபவரின் பின்புறம் பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். பக்கங்களில் கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள். முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டுவோர் உண்டு. அவற்றால் பெரும்பயன் இல்லை. மெல்லிய நுரைப்பஞ்சுத் துண்டுகளும் கீச்சொலியை மட்டுமே உண்ணும். தாழ்ந்த ஒலியை விட்டுவிடும்.

ஒன்றை மறத்தல் ஆகாது. மெத்தை உள்ளே எழும் எதிரொலியை அடக்குமேயன்றி, தெருவிலிருந்து வரும் ஓசையைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவர் வேண்டும். அது நம் கையில் இல்லை. ஆனால் நேரம் நம் கையில் உண்டு. ஊர் அடங்கிய பின்னிரவும், பறவைகள் எழுவதற்கு முந்திய விடியலும் உகந்தவை. மின்விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் சிறிது நேரம் நிறுத்துங்கள். மின்சாரம் தடைப்படும் நேரத்தை நாம் வைவது வழக்கம். மின்கலத்தால் இயங்கும் கருவி உடையவனுக்கு அந்நேரம் ஒரு வரமாகும்.

இரண்டாவது, தொலைவு. பாடுபவரிடமிருந்து ஒலிவாங்கி இருமடங்கு தொலைவு விலகினால், நேரே வரும் ஒலியின் அழுத்தம் பாதியாகக் குறைகின்றது. அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கின்றது. ஒரு சாண் தொலைவில் தெளிவாக ஒலித்த குரல், நான்கு சாண் தொலைவில் கால் பங்காகிவிட, எதிரொலி மட்டும் குறையாமல் நிற்கும். யான் மேசைமேல் வைத்த ஒலிவாங்கி தோற்றதும், தங்கையின் கைப்பேசி வென்றதும் இக்கணக்கினாலேதான். மிகவும் நெருங்கினாலும் குற்றமே. 'ப' முதலிய எழுத்துக்களை ஒலிக்கும்போது வாயிலிருந்து புறப்படும் காற்று ஒலிவாங்கியைத் தாக்கி வெடியோசை எழுப்பும். அதனால், ஒரு சாண் விட்டு, வாய்க்கு நேரே அன்றிச் சற்றே பக்கவாட்டில் வைத்தல் நன்று. பூவேலைச் சட்டத்தில் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தினால், கடையில் விற்கும் காற்றுத் தடுப்பானின் வேலையை அதுவே செய்துவிடும்.

இனி, ஒலிவாங்கியைப் பற்றிக் காண்போம். நாம் 'மைக்' என்று வழங்கும் இக்கருவியில் இரு பெரும் வகைகள் உண்டு. முதல் வகையில், மெல்லிய சவ்வு ஒன்றுடன் கம்பிச்சுருள் இணைந்திருக்கும். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது, சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்சாரத்தை உண்டாக்கும். 1831-இல் பாரடே கண்ட விதியே இங்கும் தொழில் புரிகின்றது. இதனை 'டைனமிக்' வகை என்பர். இரண்டாம் வகையில் சவ்வும் அதன் எதிரே ஓர் உலோகத் தட்டும் மின்தேக்கியாக அமையும். சவ்வின் அசைவால் மின்தேக்குதிறன் மாறும். இது 'கன்டென்சர்' வகை. இவ்வகையில் பெரும்பாலானவற்றுக்குப் புறத்தேயிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் ஊட்ட வேண்டும்.

இவற்றுள் எதை வாங்குவது? கன்டென்சர் வகை மிக நுண்ணிய ஒலிகளையும் வாங்கும். வீணையின் மென்மையான நாதத்தைப் பதிவோருக்கு அது ஏற்றது. ஆனால் அடங்காத அறையில் வைத்தால், அறையின் குறைகளையும் அவ்வளவு நுட்பமாகவே வாங்கும். டைனமிக் வகைக்கு இரைச்சலை விலக்கும் மாயம் ஏதுமில்லை. வாயருகே வைத்துப் பயன்படுத்தத் தக்கதாய் இருப்பதே அதன் சிறப்பு. அது உறுதியானது; பிறர் பயன்படுத்தியதைச் சோதித்து வாங்கினாலும் பெரும்பாலும் ஏமாற்றாது. ஸ்பிரிங்ஸ்டீன் பயன்படுத்தியதும் இவ்வகையே. 1965-இல் விற்பனைக்கு வந்த அந்த எஸ்.எம். 57 இன்றும் கடைகளில் கிடைக்கின்றது. பேச்சும் பாட்டும் பதிய விரும்பும் மாணவர், சாதாரண வீட்டறையில் முதலில் டைனமிக் வகையையே நாடலாம் என்பது என் கருத்து.

அடுத்து வேண்டுவது, ஒலிவாங்கி தரும் மெல்லிய மின்னலையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்பும் சிறு பெட்டி. கடைகளில் இதனை 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்பர். இங்கே விளம்பரங்களில் காணும் எண்களைக் கண்டு மயங்குதல் கூடாது. மனிதச் செவி கேட்கும் உச்ச அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 20,000. அதனைப் பழுதின்றிப் பதிய, நொடிக்கு அதன் இருமடங்குக்கு மேலாக அளவு எடுத்தால் போதும். 1982-இல் வெளிவந்த குறுந்தகடு 44,100 முறை அளந்தது. நமக்கு 48,000 போதும். 1,92,000 என்னும் எண்ணுக்காகக் கூடுதல் விலை தர வேண்டுவதில்லை. ஆனால் ஒவ்வோர் அளவையும் 24 பிட் நுட்பத்தில் எழுதும் வசதி வேண்டும். அது இருந்தால், ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றாமல் 12 டெசிபெல் கீழே வைத்து அமைதியாகப் பதியலாம். பாடுபவர் திடீரெனக் குரலை உயர்த்தினாலும் பதிவு சிதையாது. டைனமிக் ஒலிவாங்கியின் வெளியீடு மிகக் குறைவாதலின், இரைச்சலின்றிப் பெருக்கும் ஆற்றல் பெட்டிக்கு உண்டா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள்.

காதை மூடும் வகைச் செவிப்பொறி ஒன்று கட்டாயம் வேண்டும். யான் அன்று ஒரு செவிப்பொறி அணிந்திருந்தால், முதல் நிமிடத்திலேயே மின்விசிறியை நிறுத்தியிருப்பேன். ஒலிபெருக்கிகள் இப்போது வேண்டா. தாங்கு கம்பம், கம்பிவடம் ஆகியவற்றை முன்னரே கணக்கில் சேருங்கள். பதிந்ததை வெட்டி ஒட்டுவதற்கு 'ஆடாசிட்டி' போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

விலைகள் மாறும், ஆதலின் பங்குகளையே சொல்கின்றேன். உங்கள் தொகையைப் பத்துப் பங்காக்குங்கள். நான்கு பங்கு இன்டர்ஃபேஸ் பெட்டிக்கு; மூன்று பங்கு ஒலிவாங்கிக்கு; இரண்டு பங்கு செவிப்பொறிக்கு; ஒரு பங்கு கம்பத்துக்கும் வடத்துக்கும். ஒன்றுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, மற்றவற்றைக் கடவுளிடம் விட்டவன் பட்ட பாட்டை முன்னரே கேட்டீர்கள்.

அத்தொகையும் இல்லாதவர் மனம் தளர வேண்டா. கைப்பேசி உள்ளவர், அமைதியான அறையையும் ஒரு சாண் தொலைவையும் கைக்கொண்டால், இன்றிரவே தொடங்கலாம். ஒரு தடத்தில், 48,000 அளவும் 24 பிட்டுமாகப் பதிந்தால், ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 518 மெகாபைட் இடம் போதும். பாட்டைத் தொடங்குமுன் பாடுபவரின் பெயரையும், ஊரையும், நாளையும் வாயால் சொல்லிப் பதியுங்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் வையுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியார் இருக்கக்கூடும். அண்டை வீட்டில் ஒரு தாத்தா இருக்கக்கூடும். நல்ல கருவி வாங்கும் நாள் வரட்டும் என்று அவர்களைக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். கருவிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் நாட்களிலேயே, மெத்தையைச் சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, அவர்கள் அருகே சென்று அமருங்கள்.