சேவையகம் வாங்கும் முன் சில்லைப் பாருங்கள்

லினக்ஸ் இலவசம்தான். ஆனால், அதை நிறுவப் போகும் கணினியில் வன்தட்டே தென்படாமல் போனால் என்ன செய்வது? பழைய சேவையகம் ஒன்றைச் சில நூறு வெள்ளிக்கு வாங்கி, அலுவலகக் கணக்குகளை எல்லாம் அதில் ஏற்றிவிட நினைப்பவர்கள் மாட்டிக் கொள்வது இந்த இடத்தில்தான். விசிறி சுழலும், திரையில் எழுத்து வரும். நிறுவும்போது மட்டும் வட்டு எதுவும் இல்லை என்று வந்து நிற்கும்.

வட்டு கெட்டுப் போகவில்லை. வட்டுகளை மேய்க்கும் ரெய்டு அட்டையோடு பேசத் தெரிந்த இயக்கி, அதாவது டிரைவர், அந்த இயங்குதளத்தில் இல்லை. லினக்சில் பெரும்பாலான இயக்கிகள் கெர்னலுக்குள்ளேயே அடங்கியவை. அவற்றில் எவை எவை இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வெளியீட்டாளரும் முடிவு செய்கிறார்.

2019-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இதற்கு நல்ல உதாரணம். டெல் பவர்எட்ஜ் இயந்திரங்கள் சிலவற்றில் இருந்த எஸ்ஏஎஸ் 6/ஐஆர் அட்டைக்கான இயக்கி 7-ஆம் பதிப்பில் இருந்தது, 8-இல் நீக்கப்பட்டது. சரி, பழைய பதிப்பிலேயே இருந்து விடலாமே என்றால், 7-இன் வழக்கமான பராமரிப்பு 2024 ஜூனில் முடிந்து விட்டது. பாதுகாப்புத் திருத்தம் இல்லாத இயந்திரத்தில் வாடிக்கையாளர் விவரங்களை வைப்பது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவது போலத்தான். அதே இயந்திரத்தில் டெபியனை நிறுவினால் வட்டு தெரிய வாய்ப்புண்டு.

வலை அட்டையிலும் தொல்லை உண்டு. சில பிராட்காம் அட்டைகளுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு தேவை. 2023-இல் வெளியான டெபியன் 12 முதல்தான் அது நிறுவல் தட்டிலேயே சேர்ந்து வருகிறது.

மலிவான தாய்ப்பலகைகளில் 'ரெய்டு உண்டு' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பல சமயங்களில் வேலை செய்வது மென்பொருள்தான். அதைவிட, வட்டுகளை அப்படியே காட்டும் எளிய எச்பிஏ அட்டை வாங்கி, லினக்சின் சொந்த ரெய்டைப் பயன்படுத்துவது மேல். அட்டை செத்தாலும் வட்டுகளைக் கழற்றி இன்னொரு லினக்ஸ் கணினியில் மாட்டித் தகவலை எடுக்கலாம்.

பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. ஒரே மாடலில் வேறு வேறு சில்லுகள் வரும். ரெட் ஹேட், உபுண்டு இரண்டும் சான்றளித்த இயந்திரங்களின் பட்டியலை வெளியிடுகின்றன. ஃப்ரீபிஎஸ்டி ஒவ்வொரு வெளியீட்டோடும் வன்பொருள் குறிப்பு தருகிறது. பயன்படுத்திய இயந்திரம் என்றால், நிறுவப் போகும் அதே பதிப்பை யுஎஸ்பியில் கொண்டு போய், பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.