பின்பக்கம் வருஷம் எழுதி வையுங்கள்!



ஸ்டாம்ப், பழைய நாணயம், தீப்பெட்டி லேபிள் சேர்ப்பது பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நான் சேர்ப்பது கொஞ்சம் வேறு மாதிரி. ஓவியக் கண்காட்சிகளுக்கு அச்சடிக்கிற அழைப்பிதழ், போஸ்டர், மடிப்புத் தாள் இவைதான் என் பொக்கிஷம். ஓவியம் வாங்க ஆயிரம், லட்சம் என்று வேண்டும். அழைப்பிதழுக்குக் காசே வேண்டாம். வாசல் மேஜையில் அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

"கண்காட்சிதான் முடிஞ்சு போச்சே, இன்னும் அந்த கார்டு எதுக்கு?" என்று என் மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கண்காட்சி முடிந்ததும் படங்கள் ஆளுக்கொரு வீட்டுக்குப் போய்விடும். அந்த ஹாலில் அடுத்த வாரம் வேறு யாரோ படம் மாட்டுவார்கள். இன்னார் இன்னாரெல்லாம் சேர்ந்து, இந்த இடத்தில், இந்தத் தேதியில் படம் வைத்தார்கள் என்று சொல்ல மிஞ்சுவது அந்தக் கார்டு ஒன்றுதான்.

வெளிநாட்டில் சில ஓவியர்கள் அழைப்பிதழையே கலைப்பொருளாக்கி விட்டார்கள். 1958-ல் பாரிஸில் ஈவ் க்ளைன் என்பவர் ஒரு கண்காட்சி வைத்தார். உள்ளே போனால் வெறும் வெள்ளைச் சுவர், ஒரு படம்கூட இல்லை! அழைப்பிதழில் மட்டும் தனக்குப் பிடித்த நீல நிறத்தில் தானே ஒரு ஸ்டாம்ப் செய்து ஒட்டி அனுப்பினார். 1960-ல் அதே இடத்தில் அர்மான் என்பவர் நேர்மாறாக, ஹால் முழுக்கக் குப்பையும் தட்டுமுட்டுச் சாமானும் நிரப்பினார். அதற்கு அழைப்பிதழ், மத்தி மீன் அடைக்கிற தகர டப்பா. என் பையன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இன்று அந்த டப்பாவை மியூசியத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஆண்டி வார்ஹோல் இன்னொரு படி மேலே. 1974 முதல் தனக்கு வந்த அழைப்பிதழ், கடிதம், பில், பத்திரிகை எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் போட்டுப் போட்டு மூடி வைத்தார். அவர் 1987-ல் இறந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 600 பெட்டிகள். பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரில் உள்ள மியூசியத்தில் இன்றும் இருக்கின்றன. நம் வீட்டுப் பரண் மாதிரிதான்!

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைக்கு அருகில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கினார்கள். பாத்திக் துணி போன்ற கைவேலைகள் செய்து விற்று, அந்த வருமானத்தில் படம் வரைந்தார்கள். ஓவியர் ஆதிமூலம் நம் பத்திரிகைகளுக்கும் வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அவர் வரைந்த கோட்டோவியங்களைக் கத்தரித்து வைத்தவர்கள் பாக்கியசாலிகள். காசு கொடுத்து ஓவியம் வாங்க முடியாத வீட்டிலும் அப்படி ஓவியம் நுழைந்தது.

பெண்களின் பெயர்தான் இதில் சீக்கிரம் தொலைந்து போகிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினி அருமையான ஓவியர். 1969-ல் பிரசவத்தில் இறந்துபோனார். முப்பது வயதுகூட நிறையவில்லை. அவருடைய படங்கள் காப்பாற்றப்பட்டதால் இன்று பேசுகிறோம். படம் விற்றுப்போய், கல்யாணமாகி, தூரிகையை வைத்துவிட்ட பெண்களுக்கு என்ன சாட்சி?

எங்கள் தெருவில் ஆரி வேலை செய்கிற ஓர் அக்கா இருக்கிறார். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு கட்டிலிருந்து கிடைத்த கார்டுகளை ஒருநாள் அவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கார்டைக் கையில் எடுத்தவர் பேசவே இல்லை. மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து வைத்த கண்காட்சி. நாலாவது பெயரில் விரலை வைத்து, "இது நான்தான் பாப்பா" என்றார். பத்து வருஷமாகப் பழகுகிறோம், அவர் படம் வரைந்தவர் என்றே எனக்குத் தெரியாது. அவர் பெண்ணுக்கும் தெரியாதாம்!

கார்டில் 14 முதல் 20 வரை என்று தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, மாலை ஐந்து மணி என்றும் இருக்கிறது. வருஷம் மட்டும் இல்லை. அக்கா கொஞ்சம் யோசித்து, "பெரியவ பொறக்கறதுக்கு முந்தின வருஷம். அப்போ தொண்ணூத்தி மூணு" என்றார். பென்சிலால் பின்பக்கம் 1993 என்று எழுதினோம். கலர் ஜெராக்ஸ் ஒன்று எனக்கு எடுத்துக்கொண்டு அசலை அவரிடமே கொடுத்துவிட்டேன். அது அவருடைய சொத்து அல்லவா?

சேர்க்க ஆசைப்படும் தோழிகளுக்கு, அனுபவத்தில் தெரிந்த சில குறிப்புகள்:

* வாங்கிய அன்றே பின்பக்கம் வருஷம் எழுதுங்கள். பல கார்டுகளில் வருஷம் அச்சாவதில்லை. பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் மை முன்பக்கம் ஊறிவிடும்.

* செலோ டேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆக மஞ்சளாகிக் கறை விடும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது.

* மைதா பசையால் நோட்டில் ஒட்டினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. நாலு மூலையிலும் காகித முக்கோணம் செய்து அதில் செருகினால் போதும்.

* குண்டூசி, கிளிப் போட்டால் மழைக்காலத்தில் துருவேறும். எடுத்துவிடுங்கள்.

* போஸ்டரை மடித்தால் மடிப்பில் கிழியும். தட்டையாக வைக்க இடமில்லை என்றால், துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயைக் கேட்டு வாங்கி, அதன்மேல் வெள்ளைத்தாள் சுற்றி, அதற்கு மேல் போஸ்டரைச் சுற்றுங்கள். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் நிறம் வெளுத்துவிடும்.

* கவரையும் எறியாதீர்கள். தபால் முத்திரையில் தேதியும் ஊரும் இருக்கும்.

சென்னையில் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, சோழமண்டலம், முட்டுக்காடு தட்சிணசித்ரா போன்ற இடங்களில் கண்காட்சி நடக்கும்போது குழந்தைகளோடு போய் வாருங்கள். "எங்களுக்குப் படம் புரியாதே" என்று தயங்க வேண்டாம். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும். இப்போது பல அழைப்பிதழ்கள் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. போனை மாற்றினால் போயே போச்சு. அதனால் அச்சடித்த கார்டு கிடைத்தால் விடாதீர்கள்.

பொங்கலுக்குப் பரண் ஒழிக்கும்போது இந்த மாதிரி ஒரு கார்டு கைக்கு வந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் உள்ளே இருக்கிற பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யாராவது அதில் இருக்கலாம். அவர்களிடமே கேட்டு, வருஷத்தையும் எழுதி வையுங்கள்.

— ஒரு வாசகி, குரோம்பேட்டை.