கார் பேசட்டும்... கண் ரோட்டிலேயே இருக்கட்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயமுத்தூரில் ஒரு கல்யாணம். குமாரபாளையத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். வாங்கி ஒரு மாசம்கூட ஆகாத புது கார். டேஷ்போர்டின் நடுவே ஒரு சின்ன டி.வி. அளவுக்குப் பளபளவென்று டச் ஸ்கிரீன்!

பைபாஸில் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டியாகிவிட்டது. வேகம் எண்பது. பின் சீட்டிலிருந்து பையன், "அப்பா, அந்தப் புதுப் பாட்டைப் போடுங்கப்பா!" என்கிறான். நீங்களும் ஸ்கிரீனைத் தொட்டு, பட்டியலை மேலே தள்ளித் தேடுகிறீர்கள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருக்கும் மனைவி, "ஏனுங்க... முன்னால பாருங்க!" என்று அலறுகிறார்.

பின்னால் நூல் மூட்டை கட்டிய மொபெட் ஒன்று ரோட்டைக் கடந்துகொண்டிருக்கிறது. 'கிறீச்' என்று பிரேக். நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டிக்குத்தான் படபடப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

நீங்கள் ஸ்கிரீனைப் பார்த்தது எவ்வளவு நேரம்? மிஞ்சினால் மூன்று விநாடி! ஆனால், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். மூன்று விநாடியில் 66 மீட்டர். ஐந்து பஸ்களை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரத்தைவிட அதிகம். அத்தனை தூரமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறீர்கள்!

இன்றைய காரில் பாட்டு, போன், மேப், இன்டர்நெட் எல்லாமே வந்துவிட்டன. 2019-ல் ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் போன்ற கார்கள் இன்டர்நெட் இணைப்போடு நம் நாட்டுக்கு வந்தபோது பெரிதாகப் பேசப்பட்டது. இப்போதோ பல குடும்பக் கார்களில் அது இருக்கிறது. இவை கெட்டவை அல்ல. எதை, எப்போது, யார் தொடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கையை எடுத்தால் போதுமா?

"நான் போனைக் கையிலேயே எடுக்கறதில்லீங்க. ப்ளூடூத்லதான் பேசறேன். அதுல என்ன தப்பு?" என்று பலர் கேட்பதுண்டு.

கார் ஓட்ட மூன்று வேண்டும்: ரோட்டில் கண், ஸ்டியரிங்கில் கை, ஓட்டுவதில் மனசு. ப்ளூடூத் உங்கள் கையை மட்டும்தான் விடுவிக்கிறது. மனசு போனில்தான் இருக்கிறது.

1997-ல் கனடாவின் டொரன்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 டிரைவர்களின் போன் விவரங்களை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். போன் பேசும்போது விபத்து ஏற்படும் ஆபத்து சுமார் நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடிக்காமல் பேசும் போனாலும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை.

ஏன் இப்படி? பக்கத்து சீட்டில் இருப்பவரும் உங்களோடு சேர்ந்து ரோட்டைப் பார்க்கிறார். லாரி குறுக்கே வந்தால் தானாகவே பேச்சை நிறுத்திவிடுவார். போனில் இருக்கும் மைத்துனருக்கு லாரி தெரியாதே! அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார். உங்கள் கண் லாரியைப் பார்க்கும். மூளை அதைப் பதிவு செய்யாது. 'பார்த்தேன், ஆனா கவனிக்கலை' என்கிறோமே, அது இதுதான்.

இன்னொரு செய்தி. குரலால் கட்டளையிடும் வசதியை அமெரிக்காவில் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சில கார்களில், கட்டளை கொடுத்து முடித்த பிறகும் டிரைவரின் கவனம் முழுசாகத் திரும்ப 27 விநாடிகள் வரை ஆனதாம். சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் பார்த்துவிட்டு, பச்சை விழுந்ததும் கிளம்புகிறோமே, அப்போதும் மனசு மெசேஜிலேயே இருக்கும்!

ப்ளூடூத்தில் குடும்பச் சங்கடமும் உண்டு. போனில் பேசுவது கார் முழுக்கக் கேட்கும். பின் சீட்டில் மாமியார் இருக்க, ஸ்பீக்கரில் அம்மா வீட்டு ஆட்கள் அவரைப் பற்றியே பேச ஆரம்பித்தால்..? "கார்ல இருக்கோம், அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிடுவது எல்லா விதத்திலும் நல்லது!

பட்டன் சுகம்

பழைய காரில் ஏ.சி.க்கு ஒரு திருகு, ரேடியோவுக்கு ஒரு திருகு இருக்கும். கண்ணை எடுக்காமலே கை தடவித் திருகும். ஸ்கிரீனில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. பார்த்துத்தான் தொட வேண்டும்.

2022-ல் ஸ்வீடன் நாட்டு கார் பத்திரிகை ஒன்று இதைச் சோதித்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி ஏ.சி.யை மாற்றுவது, ரேடியோ வைப்பது மாதிரி நாலு வேலைகள். பட்டன்கள் உள்ள 2005-ம் வருஷத்து வால்வோவில் எல்லாம் முடிய 10 விநாடி. ஸ்கிரீன் வைத்த ஒரு புது காரில் ஏறக்குறைய 45 விநாடி! அதற்குள் அந்தக் கார் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது.

2020-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வும் யோசிக்க வைக்கிறது. போனைக் கார் ஸ்கிரீனில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ வசதிகளைத் தொட்டு இயக்கியபடி ஓட்டியவர்கள் ஆபத்தை உணர்ந்து செயல்படும் நேரம் பாதிக்கு மேல் அதிகரித்தது. அங்கே சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் குடித்தவர்களுக்கு அது வெறும் 12 சதவிகிதம்தான்! 'நம்மாளுக்குக் குடிப் பழக்கமே கிடையாது' என்று பெருமைப்படும் குடும்பங்கள் இதையும் கவனிக்கட்டும்.

கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பே விதியை மாற்றிவிட்டது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹசார்டு விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றைத் தனியாகத் தொட்டு இயக்க முடியாத காருக்கு 2026 முதல் முழு மதிப்பெண் கிடைக்காது. அடுத்த கார் வாங்கும்போது, 'ஸ்கிரீன் எத்தனை இன்ச்?' என்பதோடு 'ஏ.சி.க்குத் தனிப் பட்டன் இருக்கா?' என்றும் கேளுங்கள்.

மேப் சொன்னால் வேதவாக்கா?

2024 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் அடித்துப்போயிருந்தது. மேப் காட்டிய வழியில் போயிருக்கலாம் என்று போலீஸார் சந்தேகித்தார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். மேட்டூரில் உபரி நீர் திறந்தால் குமாரபாளையத்தில் காவிரிக் கரையோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மேப்புக்கு அது உடனே தெரியுமா? இருட்டு, மழை, வெள்ளம் என்றால் கண்ணையும் ஊர்க்காரரையும் நம்புங்கள். நிறுத்தி ஒரு டீக்கடையில் விசாரிப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

பின் சீட்டுக்கும் கவனம் வேண்டும்

குழந்தைகள்: போகிற காரில் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தால் சில குழந்தைகளுக்கு வாந்தி வரும். காரணம் எளிது. 'நாம் அசையவில்லை' என்கிறது படத்தில் பதிந்த கண். 'அசைகிறோம்' என்கிறது காதின் உட்பகுதி. இந்தக் குழப்பம்தான் குமட்டலாக வெளிப்படுகிறது. ஸ்கிரீனை அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, முன்னால் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். 'அடுத்து வர்றது பெருந்துறையா, விஜயமங்கலமா?' என்று ஊர்ப்பெயர் விளையாட்டு நடத்தினால் குமட்டலும் மறந்துபோகும்.

காது: விசைத்தறிச் சத்தத்திலேயே வேலை செய்து பழகியவர்களுக்குக் காது சற்று மந்தமாகி இருக்கலாம். அவர்கள் பாட்டை அலறவிடுவார்கள். அதில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்காமல் போகும். இருக்கிற கேட்கும் சக்தியும் குறையும். பக்கத்தில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு சத்தமே போதும்.

மூச்சு: சில கார்களில் வீட்டுக்குள்ளிருந்து போன் மூலமே எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏ.சி. போடலாம். வெயில் காலத்துக்குச் சுகம்தான். ஆனால், மூடிய ஷெட்டில் ஒருபோதும் வேண்டாம். பெட்ரோல், டீசல் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது; தெரியாமலே உயிரைக் குடிக்கும். 'ஏ.சி. ஓடுதே' என்று குழந்தையைத் தனியாகக் காரில் விட்டுப் போவதும் கூடாது.

உயிர் காக்கும் பட்டன்

இத்தனை சொன்னாலும், இந்த இணைப்பு வசதியில் கும்பிட வேண்டிய ஒன்று இருக்கிறது. அதுதான் எஸ்.ஓ.எஸ். என்ற அவசரப் பட்டன்! பல கார்களில் உள்கண்ணாடி அருகே இருக்கும். அமுக்கினால் கம்பெனியின் உதவி மையத்தோடு பேசலாம். சில கார்களில் ஏர்பேக் விரிந்தாலே அழைப்பு தானாகப் போகும். கார் நிற்கும் இடமும் தெரிந்துவிடும். ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலையில் 'எங்கே இருக்கோம்'னே தெரியாதபோது இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால், ஒரு எச்சரிக்கை. பல கார்களில் இந்தச் சேவை சில வருஷங்களுக்குத்தான் இலவசம். பிறகு பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். உங்கள் காரில் அது உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் பட்டன் வேலை செய்யாது. ஆகவே 108 ஆம்புலன்ஸ் எண்ணும், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033 எண்ணும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிஷம்

காரை ஸ்டார்ட் செய்யும் முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்:

* போக வேண்டிய ஊரை மேப்பில் போடுங்கள். 2017-ல் அமெரிக்காவில் நடந்த சோதனையில் இந்த ஒரு வேலைக்கே சராசரியாக 40 விநாடி ஆனது. எண்பதில் போனால் அது முக்கால் கிலோமீட்டருக்கு மேல்!

* பாட்டுப் பட்டியல், ஏ.சி., கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் நிற்கும்போதே சரி செய்யுங்கள்.

* போனில் 'டிரைவிங்' வசதியைப் போட்டுவிடுங்கள். 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று அதுவே பதில் அனுப்பும்.

* ஸ்கிரீனுக்கு ஒரு 'மந்திரி'யை நியமியுங்கள். முன் சீட்டில் இருப்பவருக்கு மட்டுமே தொடும் உரிமை. தனியாகப் போகிறீர்களா? தொட வேண்டுமென்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

* எஸ்.ஓ.எஸ். பட்டன் எங்கே என்று பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் காட்டுங்கள். விளையாட்டுக்கு அமுக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

* போனின் அவசரத் தகவல் பகுதியில் ரத்த வகை, சர்க்கரை, பி.பி. மாத்திரைகள், ஒவ்வாமை ஆகியவற்றை எழுதி வையுங்கள். பூட்டிய போனிலும் டாக்டர் அதைப் பார்க்க முடியும்.

* டயர் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு எரிந்தால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' வேண்டாம்.

* காரை விற்கும்போது ஸ்கிரீனில் சேமித்த போன் எண்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

ஓட்டுவது அப்பாவாக இருந்தாலும் அம்மாவாக இருந்தாலும், குழந்தைகள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் கையில் ஸ்டியரிங் வரும்போது, இன்று நீங்கள் செய்ததைத்தான் செய்வார்கள். 'போன் அடிக்குதுப்பா' என்று பையன் சொல்லும்போது, 'அடிக்கட்டும் கண்ணு, ஊர் போய்ப் பேசிக்கலாம்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பத்து வருஷம் கழித்து அவன் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, நீங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்!