சோப்ராலில் எல்லாப் பள்ளிகளும் எப்படி மேலே வந்தன?

நல்ல தலைமையாசிரியர் ஒருவர் வந்தால் ஒரு பள்ளி தலைதூக்கும். அவர் மாறுதலாகிப் போனதும் அது பழைய நிலைக்கே திரும்பிவிடுவது உண்டு. ஒரு வட்டாரத்தின் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து முன்னேறவும், முன்னேறிய இடத்தில் நிலைக்கவும் என்ன செய்ய வேண்டும்? பிரேசிலின் வடகிழக்கில், வறட்சிக்குப் பேர்போன சியாரா மாநிலத்திலுள்ள சோப்ரால் இதைச் செய்து காட்டியிருக்கிறது.

சோப்ரால் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழும் நகராட்சி. அந்நாட்டில் தொடக்கப் பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் நகராட்சிகளின் பொறுப்பு. 1997-இல் மேயரான சிட் கோமெஸ் முதலில் கட்டடங்களைச் சீராக்கினார், குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்தார். பிறகு அவர்களை வாசிக்கச் சொல்லிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. தொடக்க வகுப்புகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை.

அதன்பின் எல்லாப் பள்ளிக்கும் ஒரே இலக்கு: தொடக்கத்தின் ஓரிரு வகுப்புகளுக்குள்ளேயே குழந்தை வாசிக்கப் பழகிவிட வேண்டும். பத்து இலக்குகளை அறிவித்து ஒன்றையும் எட்டாமல் போகும் திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான்.

அடுத்தது அளப்பது. சொந்த ஆசிரியரோ தலைமையாசிரியரோ அல்லாத ஒருவர் வெளியிலிருந்து வருவார். குழந்தையைத் தனியே உட்கார வைத்து ஒரு சொல், ஒரு வாக்கியம், ஒரு சிறு பத்தி என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் இது நடக்கும். எந்தக் குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும். ஆசிரியர்களுக்கான பயிற்சியும் அதையொட்டியே அமையும். வகுப்பில் நாளை என்ன நடத்துவது, எப்படி நடத்துவது என்பதைப் பற்றிய பயிற்சி அது.

எல்லாவற்றிலும் கடினமானது தலைமையாசிரியர் நியமனம். அரசியல் செல்வாக்கால் கிடைத்துவந்த பதவியைத் தேர்வு வைத்துத் தகுதிக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். தலைமையாசிரியருக்குச் செலவு செய்ய நிதியும் முடிவெடுக்க அதிகாரமும் தந்தார்கள். குழந்தைகள் கற்றார்களா என்பதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டாமல் மற்றவை நிலைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கல்வித் தரத்தைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் பிரேசிலின் தேசியக் குறியீட்டில், தொடக்க வகுப்புகளுக்கு 2005-இல் சோப்ரால் பெற்றது 4.0. 2017-இல் 9.1, நாட்டிலேயே முதலிடம்.

சிட் கோமெஸ் 2007-இல் மாநில ஆளுநரானதும் இந்த வழிமுறை சியாரா முழுக்கப் பரவியது. மாநில வரி வருவாயில் நகராட்சிகளுக்குப் போகும் பங்கின் ஒரு பகுதி, குழந்தைகளின் கற்றலைப் பொறுத்தே கிடைக்கும் என்று சட்டம் வந்தது. சிறந்த பள்ளிகளுக்குப் பரிசுத் தொகையும் உண்டு. ஆனால் முழுத் தொகையும் உடனே கைக்கு வராது. பின்தங்கிய பள்ளி ஒன்றுக்குத் துணைநின்று அதைக் கைதூக்கிவிட்டால்தான் மீதி கிடைக்கும்.