அம்மாவின் கைக்கு ஏற்ற கத்தி

திருவாதவூர், மேலூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் திரும்பும்போது அம்மாவுக்குச் சேலை வாங்கி வருகிறார்கள். கொஞ்சம் வசதி வந்தால் மிக்ஸியும் குக்கரும் வருகின்றன. அம்மா தினமும் மூன்று வேளையும் கையில் எடுக்கிற கத்தியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். கூரான பொருளைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பார்கள். ஐரோப்பாவிலும் இந்த நம்பிக்கை உண்டு. கத்தியைப் பெறுபவர் ஒரு சின்ன நாணயத்தைக் கையில் கொடுத்து, அதை விலைக்கு வாங்கியதாக ஆக்கிக்கொள்வது அங்கே வழக்கம். உங்கள் வீட்டிலும் மன உறுத்தல் இருந்தால் அம்மாவிடம் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நல்ல கத்தி வாங்கிக் கொடுங்கள். மழுங்கிய கத்தியோடு மல்லுக்கட்டுவது அறுபது வயதைத் தாண்டிய கைக்கு அன்றாடத் தண்டனை. கூர் இல்லாதபோது அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கத்தி வழுக்கி விரலில் இறங்குகிறது. வெங்காயம் அரிபடாமல் நசுங்குவதால் கண் எரிச்சலும் அதிகம்.

கடைக்குப் போவதற்கு முன் ஒருநாள் அடுப்படியில் நின்று பாருங்கள். அம்மா உட்கார்ந்து அரிகிறாரா, நின்று அரிகிறாரா? நம் ஊர்ப்பக்கத்தில் அந்தத் தலைமுறையினர் பெரும்பாலும் அருவாமனையில் பழகியவர்கள். மனையைக் கால் அழுத்திப் பிடித்திருக்கும். வெட்டுவாய் அசையாது, காயைத்தான் இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் தள்ள வேண்டும். கத்தியில் எல்லாம் தலைகீழ். காய் பலகையில் கிடக்கும், இரும்பு நகரும், வேலை முழுவதும் ஒரு கைக்கு வந்துவிடும். நாற்பது வருடம் அருவாமனையில் கீரையும் கத்தரிக்காயும் அரிந்தவரிடம் எட்டு அங்குல செஃப் கத்தியை நீட்டினால் அது பெட்டிக்குள்தான் கிடக்கும். அது அவருடைய குறை அல்ல.

மூட்டுவலி வந்து தரையில் உட்கார முடியாதவர்களுக்குத்தான் இதில் உண்மையான கஷ்டம். மேடையில் வைத்து அரிகிற சின்ன ஸ்டீல் அருவாமனைகள் பாத்திரக் கடைகளில் கிடைக்கின்றன. அடியில் ரப்பர் இருக்கிறதா, அழுத்தினால் நகர்கிறதா என்று அங்கேயே சோதித்துவிடுங்கள். கத்திதான் வேண்டும் என்றால் ஐந்தாறு அங்குலம் போதும். ஆறு கத்தி அடுக்கிய பளபளப்பான செட்டில் உங்கள் அம்மா எடுக்கப்போவது ஒன்றைத்தான். அந்தக் காசில் நல்லதாக ஒன்றே வாங்கலாம்.

நல்ல இரும்புக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில், அரிவாள் செய்யும் ஆசாரிகளின் ஊரான திருப்பாச்சேத்தி இருக்கிறது. 2005 பொங்கலுக்கு வந்த ‘திருப்பாச்சி’ படத்துக்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே வெட்டு, குத்துதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கதிர் அறுக்கவும் விறகு பிளக்கவும் இளநீர் சீவவும் காய் அரியவும் கருவி செய்து கொடுத்த கைகள் அவை.

அரிவாளுக்கு ஆசாரிகள் விரும்பி எடுப்பது லாரியின் பழைய வில்பட்டை. பாரம் ஏறினால் வளைந்து, இறங்கினால் நிமிர வேண்டிய எஃகு என்பதால் அதில் கார்பன் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும். சாதாரணக் கட்டடக் கம்பியில் அது கால் சதவீதம் அளவில்தான். அதைத் தட்டிக் கத்தி செய்தால் கூர் நிற்காது. பட்டையைக் கரி உலையில் செக்கச்செவேலென்று காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவம் கொண்டுவருவார்கள். அடுத்து வருகிற தோய்ச்சலில்தான் கத்தியின் ஆயுள் இருக்கிறது. பழுத்த இரும்பைச் சட்டென்று குளிரவைத்தால் எஃகு இறுகும். இறுக்கம் மிஞ்சினால் வாய் தெறிக்கும், குறைந்தால் மடங்கும். இரண்டுக்கும் நடுவில் சரியான பதத்தை, காய்ந்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற கண் அனுபவமுள்ள ஆசாரிக்கு உண்டு. அந்தப் பட்டறையில் அம்மாவின் கை அளவைச் சொல்லிச் செய்யச் சொல்லலாம். எந்த ஆன்லைன் கடையிலும் இது நடக்காது.

இரும்புக் கத்திக்குப் பராமரிப்பு வேண்டும். வாழைப்பூவையும் வாழைக்காயையும் அரிந்தால் அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும். எலுமிச்சை, மாங்காய் அரிந்துவிட்டு அப்படியே போட்டால் துரு பிடிக்கும். உடனே கழுவித் துடைத்து, நாலு நாள் எடுக்கப்போவதில்லை என்றால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். கண்பார்வை மங்கியவருக்கும் நினைவு தவறுகிறவருக்கும் இந்த வேலையைச் சுமத்தாதீர்கள். அவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி. அதில் குரோமியம் பத்தரை சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதால் துரு எளிதில் அண்டாது. ஜப்பான் கத்தி வாங்கி வர நினைக்கும், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அதன் கூர் அபாரம், ஆனால் வாய் மெல்லிசு. ஞாயிற்றுக்கிழமை எலும்புக்கறியில் போட்டால் பல் விழுந்துவிடும். விமானத்தில் கைப்பையில் வைக்கவும் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில்தான் போட வேண்டும்.

கடையில் கத்தியைத் தட்டிப் பார்ப்பதைவிடப் பிடித்துப் பார்ப்பது முக்கியம். கைப்பிடிக்குள் இரும்பு கடைசிவரை ஓடினால் நல்லது. பாதியில் நின்றுபோனால் நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். ஈரக்கையில் வழுக்குகிற வழவழப்பான பிடி வேண்டாம். விரல் தேய்ந்து, பிடி தளர்ந்த வயதில் கொஞ்சம் பருத்த மரப்பிடி சுகமாக இருக்கும்.

எவ்வளவு நல்ல கத்தியும் மழுங்கத்தான் செய்யும். சைக்கிளில் சாணைக்கல்லோடு தெருத்தெருவாக வந்தவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள். ஆகவே சாணை பிடிக்கும் வேலையைப் பிள்ளைகள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை ஊருக்குப் போனதும், புதிது வாங்கும் முன், வீட்டிலிருக்கும் பழைய அருவாமனையைப் பட்டறைக்கு எடுத்துப் போய்த் தீட்டிக் கொடுங்கள். ஒரு வாரம் அதில் அரிந்து பார்த்த பிறகும் புதிது வேண்டும் என்று அம்மா சொன்னால், அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். எது வேண்டும் என்பதை அவர் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.