எந்தப் பள்ளி என்பது பெற்றோரின் முடிவு

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கப் போகும் தாயிடம், “இங்க பாத்துக்க ஆள் இல்லைங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க” என்று சொல்லி அனுப்பும் பள்ளிகள் உண்டு. பென்னாகரமோ அரூரோ, தருமபுரி மாவட்டத்தின் எந்த ஊர்ப் பெற்றோரும் அந்தப் பதிலோடு வீடு திரும்ப வேண்டியதில்லை.

உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 31-ஆவது பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகள், அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். சதவீதம் குறைவாக இருந்தாலும், பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிற 16-ஆவது பிரிவு பொருந்தும்.

எது பொருந்தும்?

பாடம் புரிகிற, நடக்க மட்டும் முடியாத பிள்ளைக்குத் தேவை சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும்தான். தொலைதூர விடுதி அல்ல. காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்த ஆசிரியரும், அதில் பேசும் தோழர்களும் வேண்டும். அது ஊர்ப் பள்ளியில் கிடைக்காவிட்டால் சிறப்புப் பள்ளியே நல்லது. பள்ளிக்கே வர இயலாத அளவு கடும் குறைபாடு இருந்தால் வீட்டிலேயே கல்வி கேட்கலாம்.

கவனிக்க வேண்டியவை

சாதாரணப் பள்ளியில் பெயர் பதிவேட்டில் இருந்தும், பிள்ளை கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க நேரலாம். அதனால், இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று கேளுங்கள். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியிருக்கிறது. சிறப்புப் பள்ளி என்றால் அரசுப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போவதால் பிள்ளையைப் பள்ளி விடுதியில் விடும் பெற்றோர், அங்கே பிள்ளையை நினைத்த நேரத்தில் பார்க்க விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அதுவே பாதுகாப்பு.

மறுத்தால்?

சேர்க்கை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். தீரவில்லை என்றால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அடுத்த படி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சட்டத்தை முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எடுத்த முடிவு நிரந்தரமல்ல. ஓராண்டு பார்த்தும் பிள்ளை கற்கவில்லை என்றால் பள்ளியை மாற்றுங்கள். அதற்கும் இதே சட்டம் துணை நிற்கிறது.