ஷூ தொழிற்சாலையிலும் ஒரு "சேவ்" பட்டன்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் புரோகிராம், மெமரி, பேக்கப் போன்ற சொற்களைப் புரிய வைப்பது சற்றுச் சிரமமான வேலை. படாளத்தில் இருக்கும் என்னுடைய சிறிய கம்ப்யூட்டர் சென்டரில் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்து வருகிறேன். சென்ற மாதம், பாடம் கேட்க வந்த ஒருவர் எனக்கே பாடம் நடத்திவிட்டார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவைச் சேர்ந்த அந்தத் தம்பி ஷூ தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். காலையில் படாளம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் இரவுதான் திரும்புவார். செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். "புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் முன்கூட்டியே எழுதித் தரும் கட்டளைகள்" என்று நான் ஆரம்பித்தேன். "தெரியும் அண்ணா, எங்க லாஸ்டிங் மிஷின்லயும் அதுதானே இருக்கு" என்றார். லாஸ்டிங் என்றால் என்ன என்று இப்போது நான் கேட்க வேண்டியதாயிற்று.

ஷூ தயாரிப்பில் "லாஸ்ட்" என்பது கால் வடிவத்தில் உள்ள அச்சு. முன்பு மரத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக். ஷூவின் மேல் பகுதியான "அப்பர்" தைத்து முடிந்ததும் தொளதொளவென்று ஒரு பை மாதிரிதான் இருக்கும். அதை இந்த அச்சின் மீது மாட்டி, இழுத்து, ஓரங்களை அடியில் மடித்து ஒட்டினால்தான் ஷூ உருவம் கிடைக்கும். இந்த வேலைக்குப் பெயர்தான் லாஸ்டிங். ஸ்போர்ட்ஸ் ஷூக்கள் பலவற்றில் முறை வேறு. இங்கே நான் சொல்வது தோல் ஷூவைப் பற்றி.

முனைப் பகுதிதான் இதில் தகராறு பிடித்தது. வளைவில் தோலை மடிக்கும்போது சுருக்கம் விழும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் தோல் கிழியும். குறைவாக இழுத்தால் ஷூ தொங்கும். இதைக் கையால் செய்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் லின் என்ற ஊர் ஷூவுக்குப் பெயர் போனது. நமக்கு ஆம்பூர், வாணியம்பாடி மாதிரி. அங்கே தைப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் லாஸ்டிங் மட்டும் கைவேலையாகவே இருந்தது. தேர்ந்த ஒருவர் நாளெல்லாம் உழைத்தால் சுமார் 50 ஜோடி. இந்த வேலைக்கு இயந்திரமே செய்ய முடியாது என்று அவர்கள் நம்பினார்கள்.

செய்து காட்டியவர் ஜான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். தென் அமெரிக்காவின் சுரினாமில் 1852இல் பிறந்தவர். தந்தை டச்சுக்காரர், தாய் கறுப்பினப் பெண். லின் நகருக்குப் பிழைக்க வந்து, ஷூ தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டிக்கொண்டே, லாஸ்டிங் ஆட்களின் கைகள் எப்படி அசைகின்றன என்று கவனித்தார். சுருட்டுப் பெட்டி மரம், கம்பி என்று கிடைத்ததை வைத்து முதல் மாதிரியைச் செய்தார். பணம் போதாமல் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தார். பேட்டண்ட் அலுவலகத்துக்கு வரைபடங்கள் புரியாமல், இயந்திரத்தை நேரில் பார்க்க ஒருவரையே அனுப்பினார்கள் என்பார்கள். 1883 மார்ச் 20 அன்று பேட்டண்ட் கிடைத்தது. அந்த இயந்திரம் ஒரு நாளில் 150 முதல் 700 ஜோடி வரை முடித்தது. மாட்செலிகர் 1889இல், 36 வயதில், காசநோயால் இறந்துவிட்டார். அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1991இல்!

மாட்செலிகரின் இயந்திரத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. கையின் அசைவுகள் இரும்பு நெம்புகோல்களாக மாறியிருந்தன, அவ்வளவுதான். நம் தம்பி ஓட்டும் இயந்திரத்திலும் அதே வேலைதான் நடக்கிறது. அச்சைத் தலைகீழாக வைத்துப் பெடலை அழுத்தினால், சிறு இடுக்கிகள் அப்பரின் ஓரத்தைக் கவ்வி இழுக்கும். சூடான பசை அடி அட்டையின் விளிம்பில் இறங்கும். இரண்டு தகடுகள் உள்ளே நகர்ந்து ஓரத்தை மடித்து அழுத்தும். சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

வித்தியாசம் பக்கத்தில் உள்ள டச் ஸ்கிரீனில் இருக்கிறது. இடுக்கி எவ்வளவு விசையுடன் இழுக்க வேண்டும், பசை எத்தனை சூடு, தகடு எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்ற எண்களை ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகப் பதிந்து வைக்கலாம். நீங்கள் வேர்டில் ஒரு கடிதத்தை எழுதி, பெயர் கொடுத்து சேவ் செய்கிறீர்கள் அல்லவா? அதேதான். அடுத்த மாதம் அதே மாடல் வந்தால் பெயரைத் தொட்டு ஓப்பன் செய்ய வேண்டியதுதான்.

அந்த அச்சும் இன்று ஒரு பைல்தான். ஒரு சைஸில் மாடலை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினால் மற்ற சைஸ்களை சாப்ட்வேர் கணக்கிட்டுக் கொடுக்கும். இங்கிலாந்து அளவில் ஒரு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.47 மி.மீ.; பிரெஞ்சு அளவில் 6.67 மி.மீ. நீங்கள் 7க்குப் பதில் 8 கேட்டால் கூடுவது அவ்வளவுதான். கிண்டியில் 1957 முதல் இயங்கும் மத்திய காலணிப் பயிற்சி நிலையத்தில் இந்த டிசைன் சாப்ட்வேர்களையும் சொல்லித் தருகிறார்கள். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள்.

இனி பேக்கப்புக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, தம்பியின் இயந்திரம் ஆன் ஆனது. ஆனால் திரையில் ஒரு மாடல் கூட இல்லை. கன்ட்ரோல் போர்டு பழுதாகிப் பதிந்த எண்கள் அனைத்தும் போய்விட்டன. யாரும் காப்பி எடுத்து வைக்கவில்லை. புதுப் போர்டு மாட்டியும் லைன் ஓடவில்லை. ஏற்றுமதிக்கான சரக்கு பாதியில் நின்றது. பத்து ஜோடி மாட்டிப் பார்த்ததில் மூன்று கிழிந்தன.

ஆம்பூர்க்காரர் ஒருவர், வயதானவர், அங்கே இருக்கிறார். இளம் வயதில் சுத்தியலும் இடுக்கியும் பிடித்து லாஸ்டிங் செய்தவர். புது இயந்திரம் வந்ததும் அவரை அட்டைப் பெட்டிப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய லைனில் இருந்தபோது ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாராம். அந்த நோட்டைக் கொண்டுவந்து, தோலை விரலால் இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, தம்பி திரையில் பதிந்தார். இரண்டு நாளில் லைன் ஓடியது. இப்போது அங்கே சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் காப்பி எடுக்கிறார்கள். பெரியவர் இன்னும் அட்டைப் பெட்டிப் பிரிவில்தான் இருக்கிறார். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, தம்பிக்கும்தான்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க்கும் அந்தப் போர்டு போலத்தான்; சொல்லாமல் போகும். ஒரு பென் டிரைவைச் செருகுங்கள். உங்கள் பைல்கள் உள்ள போல்டரில் ரைட் கிளிக் செய்து காப்பி கொடுங்கள். பிறகு "திஸ் பிசி"யில் பென் டிரைவைத் திறந்து பேஸ்ட் செய்யுங்கள். காப்பி ஆகி முடிந்ததும் "எஜெக்ட்" கொடுத்த பிறகே கழற்ற வேண்டும். கழற்றியதைக் கம்ப்யூட்டர் மேஜையிலேயே வைக்காமல் பீரோவில் வையுங்கள். வாரம் ஒரு முறை போதும்.

தம்பி இப்போது பெரியவரிடம் கேட்டு அந்த நோட்டை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். மாடல், சைஸ், சூடு, விநாடி என்று வரிசைகள் போட்டுக் கொடுத்தேன். போன வாரம் ஒரு சந்தேகத்துடன் வந்தார். ஒரு பக்கத்தில், "மழை நாள். தோல் முரண்டு பிடிக்குது. பார்த்து இழு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. இதை எந்த வரிசையில் போடுவது? கடைசியில் "குறிப்பு" என்று இன்னொரு வரிசை சேர்க்கச் சொன்னேன்.